சிவப்புப் பொட்டுக்கு இறங்காத முள்

எங்கள் அண்ணி வேலை பார்க்கும் இடத்தில் வருகிறவரை "வாங்க, உட்காருங்க" என்று சொல்ல மாட்டார்கள். "ஏறி நில்லுங்க" என்பார்கள். எடை மெஷின்மேல்தான். தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா, வீட்டில் சண்டையா என்கிற விசாரிப்பெல்லாம் எடை தெரிந்த பிறகுதான். சிறுநீரகம் வேலைநிறுத்தம் செய்துவிட்ட ஆட்களுக்கு மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்கிற டயாலிசிஸ் வார்டு அது. அங்கே அண்ணி நர்ஸ்.

அந்த ஆட்கள் குடிக்கிற தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உடம்புக்குள்ளேயே தங்கிவிடும். அதனால் ஒவ்வொருவருக்கும் ஓர் எடை குறித்து வைத்திருப்பார்கள். உலர் எடை என்று பெயர். தண்ணீரெல்லாம் வடிந்துபோன பிறகு அந்த ஆள் உண்மையில் எவ்வளவோ, அவ்வளவு. அதற்கு மேலே ஏறியிருப்பதெல்லாம் தண்ணீர் என்று கணக்கு. அதை மெஷின் உறிஞ்சி எடுத்துவிடும். கணக்கில் கோட்டைவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கே முழுக்குப் போட்ட எனக்கே இது புரிந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், எவ்வளவு சுலபமான கணக்கு.

நாள் முழுக்க "தண்ணி குடிக்காதீங்க, தண்ணி குடிக்காதீங்க" என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிற இந்த அண்ணி, கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது கூடவே வந்தவை ஒரு பெட்டி, ஒரு தராசு, ஒரு பூச்செடி. பீஸ் லில்லி என்றாள். கரும்பச்சை இலைகளுக்கு நடுவே நீளமான காம்பு, அதன் நுனியில் படகுப் பாய் மாதிரி விரிந்த ஒற்றை வெள்ளை மடல். வெயிலே வேண்டாமாம், அறைக்குள்ளேயே வளருமாம். நர்ஸ்கள் விடுதியில் அண்ணியின் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலில் பூத்துக் குலுங்கியதாம். விடுதியைவிட்டு வரும்போது அவள் அழவில்லை, செடிக்கு அடிபடாமல் இருக்க வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். எல்லாம் அண்ணன் சொன்னது. அவனுக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட.

எங்கள் வீட்டில் ஓரளவு ஜன்னல் என்று சொல்லத்தக்கது முன்னறையில்தான் இருக்கிறது. அங்கேதான் அம்மாவின் தையல் மெஷினும் இஸ்திரி மேஜையும். அம்மா பள்ளிச் சீருடை தைப்பவள். ஒரே நிறத்துச் சட்டை மலைபோல் குவிந்திருக்கும் அந்த அறையில், ஜன்னலோரம் செடிக்கு இடம் ஒதுக்கப்பட்டது. அம்மாதான் துணி மூட்டையை நகர்த்தினாள். அதை நகர்த்தச் சொல்லி அப்பா பல வருஷமாகக் கெஞ்சியிருக்கிறார் என்பது வேறு விஷயம்.

அண்ணி செடிக்குத் தண்ணீர் ஊற்றும் முறையைக் கேளுங்கள். தட்டு வைத்த வட்ட முகத் தராசில் தொட்டியை அப்படியே தூக்கி வைப்பாள். தராசின் கண்ணாடிமேல் நகச்சாயத்தில் இரண்டு பொட்டு. முள் சிவப்புப் பொட்டுக்கு இறங்கிவிட்டால் செடிக்குத் தாகம். உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும். பச்சைப் பொட்டைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். விடுதியில் இருந்த காலத்தில் வைத்த சிவப்புப் பொட்டு அப்படியே இருந்தது. பச்சை அழிந்துபோயிருந்ததால் என்னுடையதைக் கொடுத்தேன். பச்சை நகச்சாயம் யார் போடுவார்கள் என்று கேட்காதீர்கள். நான் போடுவேன்.

சாப்பாடும் உண்டு. பூச்செடிகளுக்கென்று விற்கிற உரத் திரவத்தை ஊசி கழற்றிய சிரிஞ்சில் துளி அளந்து தண்ணீரில் கலப்பாள். முதல் தடவை இதைப் பார்த்த அம்மா தையலை நிறுத்திவிட்டாள்.

"ஏம்மா, செடிக்குமா ஊசி போடுவாங்க?"

"ஊசி இல்ல அத்தை, அளவுக்குத்தான். உரம் அதிகமானா உப்பு சேர்ந்து வேர் கருகிடும்."

"நல்லவேளை. எனக்கு ரெண்டு பிள்ளைங்க பொறந்தப்ப இந்த மாதிரி அளவெல்லாம் கிடையாது. அதான் ஒண்ணு இப்படி ஆயிடுச்சு" என்று என் பக்கம் தாடையைக் காட்டினாள்.

மறுநாள் நான் ஒரு இலைக்குப் பிளாஸ்திரி ஒட்டி, காம்பில் 'படுக்கை எண் ஒன்று, பார்வையாளர்கள் தொடக்கூடாது' என்று அட்டை கட்டித் தொங்கவிட்டேன். அண்ணி வேலை முடிந்து வந்தாள், பார்த்தாள், சிரிக்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு ஓர் இலையைப் பிடித்து நாடி பார்த்தாள். "பேஷண்ட் நல்லாத்தான் இருக்கு. பக்கத்துல இருக்கிற ஓணானுக்குத்தான் டிரீட்மெண்ட் தேவைப்படுது" என்றாள். அன்றிலிருந்து எனக்கு ஓணான் என்று பெயர். இந்த வீட்டுக்கு ஒருவழியாக ஒரு சரியான ஆள் வந்து சேர்ந்தாள் என்று எனக்கு நிம்மதியாகிவிட்டது. இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைக்கனம் ஏறும்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. செடி புதுப்புது இலையாக விட்டது, பக்கத்தில் குட்டி போட்டது, பூத்தது. பிறகு முள் இறங்க மறுத்தது.

முன்பெல்லாம் சில நாளில் சிவப்புப் பொட்டுக்கு வந்துவிடும். பிறகு நாள் கூடிக்கொண்டே போனது. கடைசியில் பொட்டுக்கு மேலேயே நின்றுகொண்டு, வரமாட்டேன் போ என்றது. செடியோ தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. இலையெல்லாம் துவண்டு தொட்டியின் விளிம்பில் சரிந்து கிடந்தது. நுனிகள் பழுப்பேறின.

"தண்ணி கேக்குது போல அண்ணி" என்றேன்.

"முள்ளைப் பாரு. இன்னும் உள்ள தண்ணி இருக்கு."

"அப்புறம் ஏன் வாடுது?"

"தண்ணி ஜாஸ்தியானா வேருக்கு மூச்சு முட்டும். அழுகும். அப்பவும் இதே மாதிரிதான் வாடும்."

"கம்மியானா?"

"அப்பவும் இதே மாதிரிதான்."

எனக்குத் தலை சுற்றியது. பசித்தாலும் அதே முகம், வயிறு முட்டினாலும் அதே முகம் என்றால் அது என்ன ஜென்மம்? எங்கள் வீட்டில் அப்படி யாரும் கிடையாது. பசித்தால் கத்துவோம், நிறைந்தால் ஏப்பம் விடுவோம்.

அண்ணி உரத்தையும் நிறுத்தினாள். தண்ணீரும் கிடையாது, சாப்பாடும் கிடையாது. செடி அவளுடைய வார்டு நோயாளியாகவே ஆகிவிட்டது. ஆனாலும் முள் அங்கேயே நின்றது. ஒருநாள் தொட்டிக்கு அடியில் இருந்த தட்டில் தண்ணீர் தேங்கியிருந்தது. அன்றுதான் அவள் முகம் மாறியது.

"ஓணான், உண்மையச் சொல்லு. திட்ட மாட்டேன்."

"திட்ட மாட்டேன்னு ஆரம்பிக்கிறவங்கதான் அண்ணி வாய் நிறையத் திட்டுவாங்க."

"செடிக்கு யார் தண்ணி ஊத்துறது?"

"நீங்கதான்."

"நான் ஊத்தி எவ்வளவு நாளாச்சு! வெயிட்டு குறையவே இல்ல. தண்ணி தானா ஊறுதா? இது என்ன தொட்டியா, கிணறா?"

நான் இல்லை என்று அடித்துச் சொன்னேன். செய்யாத குற்றத்துக்காகச் சந்தேகத்துக்கு ஆளாவது எனக்குப் புது அனுபவம். செய்ததற்கென்றால் எப்படிச் சமாளிப்பது என்று தெரியும். செய்யாததற்கு என்ன முகம் வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. வைத்த முகம் திருட்டு முகமாகத்தான் இருந்திருக்கும்.

தட்டில் இருந்தது இஸ்திரி போடும்போது துணிக்குத் தெளிக்கிற தண்ணீர் என்றாள் அம்மா. பீய்ச்சுகிற பாட்டில் ஜன்னல் பக்கம்தான் இருக்கும், ஒழுகவும் செய்யும். அண்ணி அந்தப் பாட்டிலை எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள், நம்பிய மாதிரி தெரியவில்லை.

அப்பா லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். எதிலும் கயிறும் ஸ்பிரிங்கும்தான் தப்பு என்பது அவர் கட்சி. "தராசு கிழடாயிருக்கும், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்" என்று தீர்ப்புச் சொல்லி, பிரிக்காத சர்க்கரைப் பாக்கெட்டைத் தூக்கி வைத்தார். பாக்கெட்டில் போட்டிருந்த எடைக்கு நேராக முள் போய் நின்றது. "தராசு ஒழுங்கா இருக்கு. அப்ப மனுஷங்கதான் சரியில்ல" என்றார். விளையாட்டாகச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். ஆனால் அந்த வார்த்தை மட்டும் குளிக்கப் போகாமல் முன்னறையிலேயே உட்கார்ந்துகொண்டது.

அண்ணன் தொலைதூரப் பேருந்து ஓட்டுபவன். வீட்டுக்கு வருவதே விருந்தாளி மாதிரிதான். அதனால் அவர்கள் பேச்செல்லாம் போனில். அன்று மாலை மாடிப்படியில் உட்கார்ந்து அண்ணி அவனிடம் பேசியது எனக்குக் கேட்டது. ஒட்டுக் கேட்கவில்லை. காது இருந்தது, கேட்டது.

"எனக்கு என்ன பண்றதுன்னு புரியல. இங்க யாருக்கோ என்னைப் பிடிக்கல. வாயால சொல்ல மாட்டேங்கிறாங்க. செடிகிட்ட காட்டுறாங்க... இல்ல, யாருன்னு தெரியல. அதுதான் கஷ்டமா இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி குவாட்டர்ஸ் தர்றேன்னு ரொம்ப நாளாச் சொல்றாங்க. இத்தனை நாள் வேணாம்னேன். இப்ப எடுத்துக்கலாமான்னு இருக்கு. சனிக்கிழமைக்குள்ள சொல்லணும்."

செடியின் காம்பு துவண்டதைப் பார்த்தபோது வராத பயம் எனக்கு அப்போது வந்தது. அண்ணி போய்விடுவாள். அதுவும் எங்களில் ஒருவர் விரட்டியதாக நினைத்துக்கொண்டு போய்விடுவாள். ஊற்றியது யார் என்று கண்டுபிடித்து, ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்க வைத்துவிட்டால் தீர்ந்தது என்று கணக்குப் போட்டேன். என் கணக்கு எப்படிப்பட்டது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மறுநாள் மதியம் அண்ணி வேலைக்குப் போயிருந்தாள். அம்மா துணியில் கோடு போடுகிற சாக்கட்டியைப் பொடியாக்கி, செடியைச் சுற்றித் தரையில் மெல்லிசாகத் தூவினேன். பிறகு கடைக்குப் போகிற சாக்கில் வெளியே போய்ச் சுற்றிவிட்டு, வெயில் தாழ்ந்ததும் வந்து குனிந்து பார்த்தேன்.

காலடி இருந்தது. அம்மாவுடையது. சந்தேகமே இல்லை. அம்மாவின் சுண்டுவிரல் மற்ற விரல்களோடு பேச்சுவார்த்தை இல்லாத விரல், தனியாக விலகி நிற்கும். அந்தக் காலடிகள் நேராகச் செடிக்குப் போயிருந்தன. அங்கே பொடி கலைந்து கிடந்தது, நெடுநேரம் நின்ற மாதிரி. பிறகு திரும்பி வந்திருந்தன.

அம்மாவா? அண்ணி வந்த புதிதில் அவளுக்காக மூட்டையை நகர்த்திய அம்மாவா? அண்ணி டூட்டி முடிந்து வரும்வரை தட்டை மூடி வைத்துக்கொண்டு தானும் சாப்பிடாமல் இருக்கிற அம்மாவா? எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஈரத்துணியை எடுத்து வந்து பரபரவென்று துடைத்தேன். பாதி துடைத்தபோது வாசலில் அண்ணி நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன துடைக்கிற?"

"தூசு."

"நீயா? தூசா?"

மாட்டிக்கொண்டேன். யோசிக்க நேரமில்லை. "நான்தான் அண்ணி தண்ணி ஊத்தினேன். சும்மா விளையாட்டுக்கு. இனிமே செய்ய மாட்டேன்."

அண்ணி என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நீ ஊத்தல. நீ செஞ்சிருந்தா இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்க மாட்ட. யாரைக் காப்பாத்துற?"

தரையில் நான் துடைக்காமல் விட்டிருந்த கடைசிக் காலடியில், அந்தப் பேசாத சுண்டுவிரல் பளிச்சென்று தெரிந்தது.

அம்மா அப்போதுதான் உள்ளேயிருந்து வந்து மெஷினில் உட்கார்ந்து ஒரு காலரைக் கொடுத்து மிதிக்க ஆரம்பித்திருந்தாள்.

"அத்தை, செடிக்குத் தண்ணி ஊத்தினீங்களா?"

மெஷின் நின்றது. "இல்லம்மா."

"கிட்டப் போனீங்களா?"

அம்மா காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "போனேன்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

பொய் சொல்லத் தெரியாதவர்கள் பொய் சொல்லும்போது எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அந்தச் 'சும்மாதான்'. அண்ணி தலையை ஆட்டினாள். கோபப்பட்டுக் கத்தியிருந்தால் எங்கள் வீட்டு வழக்கத்தில் நாங்களும் கத்தியிருப்போம், ராத்திரிச் சாப்பாட்டோடு ஆறிப்போயிருக்கும். அவள் கத்தவில்லை.

"குவாட்டர்ஸ் எடுத்துக்கலாம்னு இருக்கேன் அத்தை. ஷிஃப்ட் மாறி மாறி வருது. பக்கத்துலயே இருந்தா சௌகரியம்."

"உனக்கு எது சௌகரியமோ அப்படிச் செய்யிம்மா" என்றாள் அம்மா. மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள். ஆயிரக்கணக்கில் காலர் தைத்த கை அது. அன்று அந்தக் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டாள். பிரித்து, மறுபடியும் தலைகீழாகவே தைத்தாள்.

சனிக்கிழமை அண்ணி சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனாள். அல்லது வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போனாளா தெரியவில்லை. அம்மா அதை என் கையில் திணித்து, "போய்க் குடுத்துட்டு வா. வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்றாள். அம்மா ஒன்றும் செய்திருக்க மாட்டாள் என்று அண்ணியிடம் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ஆனால் அந்தக் காலடியை என்ன சொல்லி விளக்குவது? எனக்கே விளங்கவில்லையே.

வார்டில் சாய்வு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆள் உயர மெஷின். குழாயில் ரத்தம் போய் ரத்தம் வந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க நான் கூரையைப் பார்த்தேன். ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவர் அப்போதுதான் எடை மெஷினில் ஏறி நின்றார்.

"சார், மறுபடியும் ஏறியிருக்கு. தண்ணி குடிச்சீங்களா?" என்றாள் அண்ணி.

"இல்ல சிஸ்டர். நாக்கை நனைச்சதோட சரி."

"எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க. தராசு ஒண்ணுதான் இங்க பொய் சொல்லாதது."

அவரைப் படுக்க வைத்து மெஷினில் இணைத்தார்கள். அண்ணிக்கு ஓய்வு கிடைக்கும்வரை நான் ஓரத்து நாற்காலியில் காத்திருந்தேன். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த மாஸ்டர் வெகுநேரம் கழித்துத் திடீரென்று "ஐயோ, கால்! கால்!" என்று அலறினார். கெண்டைக்கால் கல்லாக இறுகிவிட்டது. முகம் வெளுத்து வியர்த்துக் கொட்டியது. அண்ணி ஓடி வந்து தண்ணீர் எடுப்பதை நிறுத்தி, குழாய் வழியாக உப்புத் தண்ணீரை உள்ளே விட்டாள், காலைப் பிடித்து நீவினாள். டாக்டரம்மா வந்து மாஸ்டரின் முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்த்தார். பள்ளம் விழவில்லை.

"வீக்கமே இல்லையே. இப்ப நல்லாச் சாப்பிடுறீங்களா சார்?"

"பொண்ணு வந்து தங்கியிருக்கா டாக்டர். தட்டு காலியாக விட மாட்டேங்கிறா."

"அப்ப ஏறினது தண்ணி இல்ல சிஸ்டர், சதை. இல்லாத தண்ணியை நாம உறிஞ்சியிருக்கோம். இவரோட உலர் எடையை ஏத்திடுங்க. பழைய எடை இனிமே இவருக்குப் பொருந்தாது."

அண்ணி மாஸ்டருக்குப் போர்வையை இழுத்துவிட்டாள். நான் அவர் பக்கத்தில் போய், "சார், நிஜமாவே தண்ணி குடிக்கலயா?" என்று கேட்டேன்.

"குடிக்கலம்மா. குடிச்ச அன்னைக்கெல்லாம் தப்பிச்சிருக்கேன். குடிக்காத அன்னைக்குத்தான் மாட்டினேன்" என்றார், இன்னும் பல்லைக் கடித்துக்கொண்டே.

வேலை முடிந்ததும் அண்ணி அலுவலகத்துக்குள் போய்விட்டு வந்தாள். கையில் சாவி. பித்தளைச் சாவி, அட்டை கட்டியது. அதைப் பார்த்ததும் ஒத்திகை பார்த்த வசனமெல்லாம் மறந்துபோனது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"பாவம் அந்த சார். உண்மையச் சொன்னார். நான் நம்பல" என்றாள் அண்ணி தனக்குத்தானே.

எங்க அம்மாவும் உண்மையைத்தான் சொன்னா அண்ணி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுதுவிடுவேனோ என்று பயந்து, எப்போதும் போல ஓர் அசட்டுக் கேள்வியை எடுத்துவிட்டேன்.

"அண்ணி, செடிக்குச் சதை போடுமா?"

"ஓணான், இப்ப நான் சிரிக்கிற நிலைமையில..." என்றவள் பாதியில் நிறுத்தினாள். என் பக்கம் திரும்பினாள். வாய் அப்படியே திறந்திருந்தது. சட்டென்று எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இறங்கணும், நிறுத்துங்க!" என்று கத்தினாள்.

"அண்ணி, நம்ம ஸ்டாப் இன்னும் வரல!"

"பஸ்ஸு மெதுவாப் போகுது. ஓடிடலாம் வா!"

பஸ்ஸைவிட வேகமாக ஓடிவிடலாம் என்று அவள் ஏன் நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது. பஸ் எங்களைத் தாண்டிப் போனது. கண்டக்டர் கையாட்டிவிட்டுப் போனார். ஆனாலும் ஓடினோம்.

வீட்டுக்குள் நுழைந்த வேகத்தில் அண்ணி பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்து, செடியின் அடியை ஒரு கையால் பிடித்துத் தொட்டியைக் கவிழ்த்தாள். விளிம்பைத் தட்டினாள். தொட்டி கழன்றதும் உள்ளே இருந்தது அப்படியே தொட்டி வடிவத்தில் வந்து நின்றது. மண் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. எல்லாம் வேர். வெள்ளையும் பழுப்புமாகத் தடித்தடி வேர், போக இடமில்லாமல் சுற்றிச் சுற்றித் தன்னையே பின்னிக்கொண்டிருந்தது. இடுக்கில் இருந்த கொஞ்ச மண்ணும் தூளாக உதிர்ந்தது. ஒரு சொட்டு ஈரமில்லை. விளிம்பில் உரத்தின் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

அம்மா மெஷினைவிட்டு எழுந்து வந்தாள். அப்பாவும் வந்தார்.

"யாரும் ஊத்தல" என்றாள் அண்ணி. குரல் அவளுடையதாகவே இல்லை. "யாருமே ஊத்தல. வெயிட்டு ஏறினது தண்ணி இல்ல, இது. இது வளர்ந்திருக்கு. நான் விடுதியில வெச்ச பொட்டை மாத்தவே இல்ல. தாகத்துல செத்துக்கிட்டிருந்ததைப் போய், தண்ணி ஜாஸ்தின்னு..." என்று அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "அத்தை, நீங்க சும்மா போகல. எதுக்குப் போனீங்க?"

அம்மா முந்தானையால் கையைத் துடைத்தாள். ஈரமே இல்லாத கை.

"ஊத்தலாம்னுதான் போனேன். தம்ளர்ல தண்ணியோட போய் நின்னேன். எனக்கும் நிச்சயமாத் தெரியல, காயுதா அழுகுதான்னு. நீ வேற பொட்டு வெச்சு, முள்ளு பார்த்துச் செய்யிற. நான் பாட்டுக்கு ஊத்தி ஏதாவது ஆச்சுன்னா, மாமியார் வேணும்னே செஞ்சான்னு ஆயிடும். திரும்பி வந்துட்டேன்."

"ஒரு தடவையா?"

"தினமும்தான்."

அப்பா தொண்டையைக் கனைத்தார். "நான்கூட டீ கிளாஸ் கழுவின தண்ணிய ஊத்தலாமான்னு ஒருநாள்... அப்புறம் எதுக்கு வம்புன்னு வாயை மூடிக்கிட்டுப் போயிட்டேன்."

எனக்கு மறுபடி தலை சுற்றியது. யாராவது ஒருவர் அந்தக் குற்றத்தைச் செய்திருந்தால் செடி இந்தக் கதிக்கு வந்திருக்காது. ஒருவரும் செய்யவில்லை. எல்லாரும் அண்ணிக்கு மரியாதை கொடுத்துக் கொடுத்துச் செடியைக் காயப்போட்டிருந்தோம். இதில் யார்மேல் கோபப்படுவது?

"ஊத்தியிருக்கலாம் அத்தை" என்றாள் அண்ணி.

"ஊத்தியிருந்தா நீ கோவிச்சுக்கிட்டுப் போயிருப்ப."

"ஊத்தாமலே போகப் பார்த்தேனே."

அம்மா வாளியைக் கொண்டுவர என்னை விரட்டினாள். அண்ணி முதலில் வேர்மேல் சொம்பு சொம்பாகத் தண்ணீர் விட்டு உப்பைக் கழுவினாள். "இதுக்கும் டயாலிசிஸ் பண்ண வேண்டியதாப் போச்சு" என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. இரண்டுக்கும் அவளுக்கு ஒரே முகம்தான் போலிருக்கிறது. பிறகு வேர்க்கட்டியை வாளித் தண்ணீரில் இறக்கினாள். குபுகுபுவென்று குமிழி கிளம்பியது. உள்ளே அடைத்துக் கிடந்த காற்றெல்லாம் வெளியே வந்தது. நாங்கள் நாலு பேரும் வாளியைச் சுற்றிக் குந்திக்கொண்டு, அதையே பார்த்தோம்.

வாசலில் ஹாரன் அடித்தது. அண்ணன் ஒரு சரக்கு வேனிலிருந்து குதித்தான். குவாட்டர்ஸுக்குப் போவதாக அண்ணி போனில் சொன்னதை நம்பி, சிநேகிதனின் வண்டியை டிரைவரோடு பிடித்துக்கொண்டு வந்திருந்தான். உள்ளே வந்தவன் நாங்கள் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துப் பதறிப்போனான்.

"யாருக்கு என்ன? என்ன ஆச்சு?"

"மூச்சு விடுது" என்றார் அப்பா.

"எது?"

அதற்குள் டிரைவர் வாசலில் நின்று, "அண்ணே, சாமான் எங்க? ஏத்திடலாமா?" என்றார். அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி கையில் இருந்த ஈரத்தைப் பார்த்தாள். அம்மா சுவரைப் பார்த்தாள்.

"பெரிய தொட்டி வேணும்" என்றாள் அண்ணி. "இதுக்கு இடமே பத்தல. கடை மூடுறதுக்குள்ள போகணும். நல்லவேளை, வண்டி கொண்டுவந்தீங்க."

"தொட்டிக்கா வண்டி? குவாட்டர்ஸுக்கு இல்ல?"

அண்ணி பையிலிருந்து சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். "இதைப் பத்திரமா வெச்சிருங்க, திங்கட்கிழமை ஆபீஸ்ல திருப்பிக் குடுத்துடலாம். அத்தை, நீங்களும் வாங்க. எவ்வளவு பெருசு வாங்கணும்னு எனக்குத் தெரியல."

"எனக்கு மட்டும் தெரியுமாக்கும்?" என்றாள் அம்மா. ஆனால் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள், அதுவும் இடம் வலம் மாற்றி.

"பரவால்ல. தெரியாதவங்க ரெண்டு பேரும் போய்க் கேப்போம்."

மாமியாரும் மருமகளும் டிரைவர் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்துகொண்டார்கள். வீட்டையே காலி செய்ய வந்த வேன் வெறும் முதுகோடு கடகடவென்று ஆடிக்கொண்டு தெருமுனை திரும்பியது. அண்ணன் சாவியை ஒருதரம், என்னை ஒருதரம் பார்த்தான்.

"ஏய், அப்ப நாங்க தனியாப் போறோமா, இல்லையா? எனக்கு யாராவது சொல்லுங்களேன்."

"எனக்கு என்னண்ணா தெரியும்? குமிழி நிக்கிற வரைக்கும் வாளியப் பார்த்துக்கணுமாம். உட்காரு" என்றேன்.

அவன் உட்கார்ந்தான்.